நிலா அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி? முட்டை முதல் சிறகு வரை, புதியவர்களுக்கு

மலையடிவாரத்தில் முதல் மழை விழுந்த சில நாட்களில், டியூப்லைட் எரியும் சுவரில் ஒரு பெரிய பூச்சி வந்து உட்கார்ந்திருக்கும். உடம்பு வெள்ளை, சிறகு இளம்பச்சை, பின்னால் நீண்டு தொங்கும் இரண்டு வால். அதைப் படம் எடுத்து “இது என்ன பட்டாம்பூச்சி?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அது பட்டாம்பூச்சி இல்லை, அந்துப்பூச்சி. இந்திய நிலா அந்துப்பூச்சி என்பார்கள். அறிவியல் பெயர் ஆக்டியாஸ் செலீன்.

வளர்ந்த பூச்சியை அடையாளம் காண்பது எளிது. அதன் முட்டை, புழு, கூடு ஆகியவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். நான் தொடங்கியபோது கிடைத்த குறிப்புகளெல்லாம் ஐரோப்பாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்பவர்கள் எழுதியவை, இல்லையென்றால் இமயமலைப் பக்கத்துக்கானவை. நம் மரம் எது, நம் மழை எப்போது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதையெல்லாம் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொள்ளச் சில பருவங்கள் ஆகிவிட்டன. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு மலைகளை மனதில் வைத்து எழுதியது இது. இலங்கையிலும் இந்தப் பூச்சி உண்டு. அங்கே இருப்பவர்கள் மழைக்காலத்தையும் அனுமதிப் பகுதியையும் மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

1. பூச்சிக்கு முன்னால் மரத்தைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நிலா அந்துப்பூச்சிக்கு உண்ணும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் உயிரோடு இருக்கும். ஆகவே பூக்களைச் சுற்றித் தேடிப் பயனில்லை. புழு தின்னும் மரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதன் வாழ்க்கை முழுவதும்.

நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஒதிய மரம். “ஒதி பெருத்தால் உத்தரமாகுமா?” என்று பழமொழி சொல்லி நாம் மதிக்காமல் விட்ட அதே மரம்தான். சாம்பல் நிறப் பட்டை, தடித்த கிளைகள், கிளை நுனியில் மட்டும் கொத்தாக இலைகள். ஒவ்வோர் இலையிலும் எதிரெதிரே ஜோடியாகச் சிற்றிலைகள், நுனியில் ஒற்றையாக ஒன்று. கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும் என்பதால் தோட்டத்து வேலியாகவும் வைத்திருப்பார்கள். காட்டுக்குள் போகாமலேயே நீங்கள் தேடலாம் என்பதுதான் இந்த மரத்தால் கிடைக்கும் பெரிய வசதி.

ஒதியன் இல்லாத இடத்தில் நாவல், மருது, கொய்யா ஆகியவற்றைப் பாருங்கள். ஊர்ப் பெரியவர் யாரையாவது கூட்டிப்போய் மரத்தை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து மரம் பழகுவதைவிட அது நூறு மடங்கு மேல். மரத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டால் அதற்கு மேல் செய்கிற எல்லாமே வீண்.

இடம் என்று கேட்டால், ஏற்காடு, கொல்லிமலை, சிறுமலை மாதிரி தனியார் தோட்டங்களும் காடும் கலந்து கிடக்கும் மலைகளில் தொடங்குங்கள். காரணம் மூன்றாவது படியில் வருகிறது.

2. எந்த மாதம், எந்த இரவு

ஒதியன் கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் மரம். பிப்ரவரி தொடங்கி மே வரை பெரும்பாலான இடங்களில் அதில் தின்ன இலையே இருக்காது. அந்த மாதங்களில் பூச்சி, கூட்டுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கிக் கிடக்கும். மழை விழுந்து மரம் துளிர்க்கும் சமயத்தில் வெளியே வரும். அதனால் நாள்காட்டியைவிட மழையை நம்புங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை பெறும் சரிவுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாருங்கள். கிழக்கே உள்ள மலைகளில் கோடை மழைக்குப் பிறகு ஒரு சுற்றும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இன்னொரு சுற்றும் தேடலாம். கன மழை கொட்டும் இரவில் போகாதீர்கள். மழை விட்டு, காற்று அடங்கி, புழுக்கமாக இருக்கும் இரவுதான் சரி. வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்துத்தான் தேடப்போகிறோம் (நான்காவது படி). அமாவாசையை ஒட்டிய நாட்களில் விளக்குக்கு அதிகம் வரும். பௌர்ணமியன்று போனால் வெறும் துணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நேரமும் முக்கியம். புதியவர்கள் ஏழு மணிக்கு விளக்கைப் போட்டு ஒன்பதரைக்குச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் வருவதெல்லாம் சின்னப் பூச்சிகள். நிலா அந்துப்பூச்சி பத்து, பத்தரைக்கு மேல்தான் வரத் தொடங்கும். நள்ளிரவு தாண்டியும் வரும்.

3. அனுமதியும் காகிதங்களும்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஒரு காய்ந்த கூட்டைக் கீழிருந்து எடுத்துப் பையில் போடுவதற்குக்கூட எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். 2008இல் டார்ஜிலிங் பக்கம் சிங்காலிலா தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் பூச்சி பிடித்ததற்காகச் செக் நாட்டுப் பூச்சியியலாளர்கள் இருவர் கைதானார்கள். “பூச்சிதானே” என்று யாரும் விட்டுவிடவில்லை.

உங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு.

தனியார் தோட்டம்: இதுதான் புதியவர்களுக்கு ஏற்றது. உரிமையாளரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. இரவில் விளக்கு எரிவதைப் பார்த்து வனக்காவலர் வந்தால் காட்டுவதற்குக் காகிதம் வேண்டும். தோட்டம் காட்டை ஒட்டியிருந்தால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கும் முன்கூட்டியே ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிட்டு, அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு போக்குவரத்து மட்டும்தான்.

காப்புக்காடு: மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். ஆதார் நகல், எங்கே, எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன கருவி, எதையும் பிடித்துக்கொண்டு போக மாட்டோம் என்ற உறுதி, இவ்வளவும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஓர் அலுவலகத்தில் என் கடிதம் வாரக்கணக்கில் மேசையிலேயே கிடந்தது. விசாரித்தபோது, பகுதியின் பெயர் மட்டும் இருந்ததாகவும் பீட் (ஒரு வனக்காவலரின் பொறுப்பில் உள்ள காட்டுப் பிரிவு) பெயர் இல்லாததால் யாருக்கு அனுப்புவதென்று தெரியவில்லை என்றும் சொன்னார்கள். ஆகவே உள்ளூர் வனக்காவலரிடம் பீட் பெயரைக் கேட்டு எழுதிவிடுங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கொடுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் உள்ள காலத்தில் கேட்டாலும் கிடைக்காது.

பாதுகாக்கப்பட்ட பகுதி: ஆனைமலை, முதுமலை, களக்காடு முண்டந்துறை போன்ற இடங்களில் ஆய்வு செய்ய வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ பின்னால் இல்லாமல் தனி ஆளாகக் கேட்டால் நடப்பது கடினம். மாதக்கணக்கில் ஆகும். முதல் ஆண்டில் இதை முயலவே வேண்டாம்.

வீட்டில் வளர்க்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் அட்டவணைகள் 2022 திருத்தத்தில் மாறிவிட்டன. புதிய அட்டவணை 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய பட்டியலைக் காட்டி யாராவது பேசினால் நம்பாதீர்கள். எந்த உயிரினத்தையும் வளர்க்கத் தொடங்குமுன் புதிய அட்டவணையை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். “ஒரு கூடு அனுப்புங்கள், பணம் தருகிறோம்” என்று வெளிநாட்டிலிருந்து செய்தி வந்தால் பதிலே எழுதாதீர்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, அப்படி வாங்க நினைப்பவர்கள் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் முன் அனுமதி பெற வேண்டும். அதைப் பெறாத ஒருவருக்காக நீங்கள் சிக்கலில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

4. வெள்ளைத் துணியும் விளக்கும்

செலவு அதிகமில்லை. ஒரு வெள்ளை வேட்டி, கொடிக்கயிறு, ஒரு புற ஊதா எல்இடி விளக்கு, பவர் பேங்க், கைவிளக்கு. வேட்டி வீட்டிலேயே பழையது இருக்கும். எல்லாம் புதிதாக வாங்கினாலும் 2,000 ரூபாயைத் தாண்ட வேண்டியதில்லை. மெர்க்குரி விளக்கு இன்னும் நிறையப் பூச்சிகளை இழுக்கும், ஆனால் மின்சாரமும் ஹோல்டரும் வயரும் தேடி அலைய வேண்டும். மழையில் சூடான பல்பு வெடிக்கும் அபாயமும் உண்டு. முதலில் எல்இடியே போதும். அதை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கெடுதல்.

துணியை ஒதிய மரங்கள் தெரியும் திறந்த இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். கீழ் விளிம்பைத் தரையில் ஒரு முழம் விரித்து விடுங்கள். பெரிய பூச்சிகள் பல துணியில் உட்காராமல் தரையில்தான் விழும். நடக்கும்போது காலடியில் மிதிபட்டுவிடக் கூடாது. பூச்சியைத் தின்னத் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே முழங்கால் வரை மூடும் காலணி கட்டாயம். வால்பாறை மாதிரி யானை, காட்டுமாடு நடமாடும் ஊரில் வீட்டு வாசலை விட்டு வெளியே விளக்கு வைக்கவே கூடாது.

ஒரு பூச்சியைப் பற்றி மட்டும் தனியாக எச்சரிக்கிறேன். ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும், எறும்பு மாதிரி மெல்லிய வண்டு ஒன்று விளக்குக்கு வரும். கழுத்தில் ஏறினால் அடித்து நசுக்கிவிடாதீர்கள். நசுங்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் மறுநாள் தீப்புண் போலக் கொப்பளிக்கும். ஊதித் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரவு ஒரு மணிக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரிந்தால் காலையில் கரிச்சானும் மைனாவும் வந்து துணியில் இருக்கும் அத்தனையையும் பொறுக்கிவிடும். அணைத்த பிறகு துணியை உதறாமல், பூச்சிகளை ஒவ்வொன்றாகப் புதருக்குள் எடுத்து விடுங்கள். ஒரு வாரமே வாழும் உயிருக்கு ஓர் இரவு என்பது பெரிய இழப்பு.

5. வளர்ந்த பூச்சியை உறுதி செய்வது

இந்த வரிசையில் பாருங்கள். சிறகு விரிந்த நிலையில் சுமார் 10 முதல் 12 செ.மீ. அகலம். நிறம் இளம்பச்சை. முன்சிறகின் மேல் விளிம்பு முழுவதும், கழுத்தைக் கடந்து, அரக்குச் சிவப்பில் ஒரு பட்டை. நான்கு சிறகிலும் ஒவ்வொரு கண்புள்ளி, அதன் ஒரு பக்கத்தில் கரிய பிறை. உடம்பில் வெள்ளைப் பஞ்சு, கால்கள் சிவந்தவை. பின்சிறகு இரண்டும் நீண்ட வாலாக முடியும்.

ஆணா பெண்ணா என்பதை உணர்கொம்பைப் பார்த்துச் சொல்லலாம். ஆணுக்கு அது அகலமான இறகு போல இருக்கும், பெண்ணுக்கு ஒடுங்கி இருக்கும். பெண்ணின் வயிறு முட்டை நிறைந்து பருத்திருக்கும். விளக்குக்கு வருபவை பெரும்பாலும் ஆண்களே.

இப்போது தடுமாற்றங்கள். வால் அறுந்த பூச்சியைப் பார்த்து “இது வேறு இனம்” என்று ஒதுக்கிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. பறக்கும்போது சுழலும் அந்த வால், எதிரொலியைக் கேட்டு வேட்டையாடும் வௌவாலின் தாக்குதலைத் தன் பக்கம் திருப்பி உடம்பைக் காப்பாற்றுகிறது. வட அமெரிக்காவில் உள்ள இதன் உறவுப்பூச்சியான லூனாவை வைத்து இதைக் காட்டிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஆகவே வால் இழந்த பூச்சி என்றால் வௌவாலிடமிருந்து தப்பித்த பூச்சியாக இருக்கலாம். அரக்குப் பட்டையையும் கண்புள்ளியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். சில நாள் பறந்த பூச்சி வெளிறி வெள்ளையாகவே தெரியும். அப்போதும் அந்தப் பட்டை மறையாது.

வெள்ளை நிறத்தில் சின்ன வாலோடு, சாம்பல் கோடுகள் ஓடும் ஒரு பூச்சி நம் காடுகளில் சாதாரணமாக உண்டு. மைக்ரோனியா என்பார்கள். அளவில் பாதிகூட இருக்காது, கண்புள்ளியும் இல்லை. பச்சையும் ரோஸும் கலந்து அம்புமுனை வடிவில் உட்கார்ந்திருப்பது அரளிப் பருந்து அந்துப்பூச்சி. அதற்கு வால் இல்லை. செம்பழுப்பு நிறத்தில், சிறகில் முக்கோணமாகக் கண்ணாடி போன்ற இடைவெளிகளோடு உள்ளங்கையைவிடப் பெரிதாக இருப்பது அட்லஸ்.

கைபேசிச் செயலிகள் இந்தப் பூச்சியின் படத்தைப் பார்த்து “லூனா” என்று சொல்வது வழக்கம். லூனா வட அமெரிக்காவைத் தவிர வேறெங்கும் கிடையாது. வடகிழக்கு இந்தியாவில் இதே ஆக்டியாஸ் பேரினத்தில் வேறு சில இனங்களும் இருக்கின்றன. நம் தென்னிந்திய மலைகளில் நீண்ட வாலோடு பச்சையாக வருவது ஆக்டியாஸ் செலீன் ஒன்றுதான்.

படம் எடுக்கும்போது பிளாஷ் போட்டால் இளம்பச்சை வெளுத்து வெள்ளையாகிவிடும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து, பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்து எடுங்கள். மேல்பக்கம், கீழ்ப்பக்கம், உணர்கொம்பு என்று மூன்று கோணம். அளவுக்கு ஒரு நாணயம் பக்கத்தில் இருக்கட்டும்.

6. முட்டை

பெண் பூச்சி நூறு, இருநூறு முட்டை வரை பல இரவுகளில் இடும். ஏறக்குறைய 2 மி.மீ. அளவு, வெள்ளை மேல் பழுப்புத் திட்டுகள். சிறு சிறு கூட்டமாக இலையிலும் குச்சியிலும் ஒட்டியிருக்கும். பத்து முதல் பன்னிரண்டு நாளில் பொரியும். குளிர்ந்த மலையில் இன்னும் சில நாள் ஆகும்.

விளக்கடியில் பெண் பூச்சி சுவரிலோ துணியிலோ முட்டை இட்டுவிட்டுப் போவது உண்டு. அந்தப் புழுக்கள் பொரித்தாலும் பக்கத்தில் மரம் இல்லாமல் செத்துப்போகும். இப்படிக் கிடைக்கும் முட்டையை வைத்துத்தான் வளர்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மரத்தில் இருப்பதை எடுக்காதீர்கள். முட்டைகளில் குழி விழுந்து சுருங்கிவிட்டால் பெரும்பாலும் கருவில்லாதவை. இணை சேராத பெண்ணும் முட்டை இடும்.

7. புழுவைக் கண்டுபிடிப்பது

மேலே பார்க்காதீர்கள், முதலில் தரையைப் பாருங்கள். பச்சை இலைக்கு நடுவே பச்சைப் புழு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பெரிய புழுவின் புழுக்கை மிளகைவிடப் பெரிதாக, நீளவாக்கில் வரிப்பள்ளங்களோடு உதிர்ந்து கிடக்கும். மரத்தடியைப் பெருக்கிவிட்டு மறுநாள் காலை வந்து பாருங்கள். புதிய புழுக்கை எங்கே கிடக்கிறதோ அதற்கு நேர் மேலே உள்ள கிளையில், காம்பு மட்டும் மிச்சமாக நிற்கும் இலைகளைத் தேடுங்கள். இந்த ஒரு முறையில் எனக்குக் கிடைத்த பலன், மரம் மரமாக அண்ணாந்து பார்த்து ஒருபோதும் கிடைத்ததில்லை.

புழு ஐந்து பருவம் கடக்கும். ஒவ்வொரு தோலுரிப்பிலும் உருவம் மாறுவதால்தான் புதியவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

முதல் பருவத்தில் அது பச்சையே இல்லை. அரை சென்டிமீட்டர் நீளத்தில், செம்மஞ்சள் உடம்பு, நடு முதுகில் ஒரு கறுப்புப் பட்டை. இதைப் பார்த்து வேறு ஏதோ கம்பளிப்புழு என்று எண்ணிவிடுவார்கள். இரண்டாம் பருவத்தில் கறுப்புப் பட்டை போய், உடம்பு முழுக்கச் செம்மஞ்சளாகும், தலை கறுப்பாக இருக்கும். மூன்றாவதில்தான் பச்சைக்கு மாறும், முதுகில் மஞ்சள் குமிழ்கள் எழும்பும். கடைசிப் பருவத்தில் விரல் தடிமனில் 8 செ.மீ.க்கு மேலும் வளரும். தளிர்ப்பச்சை உடம்பு, பழுப்புத் தலை. தலைக்கு அடுத்த பகுதியில் உள்ள மஞ்சள் குமிழ்களின் அடியில் கறுப்பு வளையம் இருக்கும். அந்த வளையம்தான் உறுதியான அடையாளம்.

மருத மரத்தில் கிடைக்கும் டசர் பட்டுப்புழுவும் பச்சைதான். ஆனால் அதன் பக்கவாட்டில் வெள்ளிப் பொட்டு போல மின்னும் புள்ளிகள் இருக்கும். அட்லஸ் புழு மேல் மாவு தடவியதுபோல வெள்ளைப் பூச்சு. வால் பக்கம் ஒற்றைக் கொம்பு இருந்தால் அது பருந்து அந்துப்பூச்சியின் புழு.

நிலா அந்துப்பூச்சியின் புழு, முருங்கைக் கம்பளிப்பூச்சி மாதிரி தடிப்பும் அரிப்பும் உண்டாக்குவதில்லை. ஆனாலும் நன்றாகப் பழகும்வரை எந்தப் புழுவையும் வெறுங்கையால் தொடாதீர்கள். தொட்டால் சுள்ளென்று குத்தும் பச்சைப் புழுக்களும் அதே காட்டில் இருக்கின்றன. எடுக்க வேண்டியிருந்தால் இலையோடு எடுங்கள். உடம்பில் வெள்ளையாக அரிசிக் குருணை போல ஒட்டியிருந்தால், அது ஈயோ குளவியோ இட்டது. அந்தப் புழு பூச்சியாக மாறாது. அதையும் படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள், அது அந்தக் காட்டின் கணக்கில் ஒரு பகுதி.

முட்டையிலிருந்து கூடு கட்டும்வரை ஐந்து, ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8. கூடும் காத்திருப்பும்

கூடு கட்டுமுன் புழு தின்பதை நிறுத்தி, நீர்போலக் கழியும். நோய் வந்துவிட்டது என்று நினைத்து வீசிவிடாதீர்கள். அப்புறம் இரண்டு மூன்று இலைகளை இழுத்துச் சேர்த்து உள்ளே மெல்லிய பழுப்புக் கூட்டைப் பின்னும்.

தடித்த காம்போடு முட்டை வடிவில் கெட்டியாகத் தொங்கினால் அது டசர். முந்திரி, மா மரத்தில் கூட்டமாக, பொன்னிறத்தில் வலைக்கண் தெரிய இருந்தால் அது கிரிகுலா என்ற வேறு பூச்சி. நிலா அந்துப்பூச்சியின் கூடு இலைச் சருகுக்குள் ஒளிந்திருக்கும், காம்பு கிடையாது.

இலை உதிரும்போது இந்தக் கூடும் சருகோடு தரைக்கு வந்துவிடும். அங்கேதான் கோடை முழுவதையும் கழிக்கும். தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அந்தச் சருகைக் கூட்டித் தீ வைக்கும்போது அடுத்த மழைக்குப் பறக்க வேண்டியவை மொத்தமாக எரிந்துபோகின்றன. உங்கள் நிலத்தில் ஒதிய மரம் இருந்தால், அதன் அடியில் விழும் சருகை மட்டுமாவது மழை வரும்வரை அப்படியே விடுங்கள். தோட்டத்து வேலையாட்களிடம் வெறுமனே சொன்னால் போதாது, ஒரு கூட்டைக் கையில் கொடுத்து உள்ளே அது அசைவதைக் கேட்கச் செய்யுங்கள். அதற்குப் பிறகு அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

மழைக்காலத்துக் கூட்டிலிருந்து மூன்று, நான்கு வாரத்தில் பூச்சி வெளிவரும். மழை முடிந்து கட்டிய கூடு மாதக்கணக்கில் காத்திருக்கும். கையில் எடுத்தால் கனமாக இருப்பது உயிருள்ளது. லேசாக, காய்ந்து குலுங்கினால் செத்தது. அறுத்துப் பார்க்காதீர்கள்.

9. வீட்டில் வளர்ப்பதானால்

கூண்டுக்குக் கொசுவலைத் துணி போதும். பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம். வழவழப்பான சுவரில் ஏற முடியாமல், பூச்சி வெளிவந்ததும் சிறகை விரிக்க வழியில்லாமல் சுருங்கி உலர்ந்துவிடும். ஒருமுறை அப்படி உலர்ந்தால் சரிசெய்யவே முடியாது. பெரும்பாலும் காலைப் பொழுதில் வெளிவந்து, ஏறித் தொங்கி, ஒரு மணி நேரத்துக்குள் சிறகை விரித்துவிடும். அது நன்றாக இறுகும்வரை தொடக் கூடாது.

ஒதியன் கிளையைத் தண்ணீர்ப் பாட்டிலில் செருகி வையுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சின்னப் புழு உள்ளே விழுந்து மூழ்கும். தினமும் புது இலை. ஒதியனில் தொடங்கிய புழுவைப் பாதியில் கொய்யாவுக்கு மாற்றினால் பட்டினி கிடந்து சாகும், ஆகவே ஆறு வாரத்துக்கு இலை கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். டிசம்பர், ஜனவரியில் தொடங்கினால் நடுவில் மரம் மொட்டையாகிவிடும்.

கடையில் வாங்கிய கொய்யாக் கிளையில் மருந்து இருக்கும். அதைவிட ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொசுவர்த்தி, செருகி வைக்கும் கொசு மருந்து, இரண்டும் புழுக்களை ஒரே இரவில் கொன்றுவிடும். அந்த அறையில் அவை கூடவே கூடாது. நகராட்சிப் புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்துங்கள். மேசைக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது.

தோலுரிக்கப் போகும் புழு ஒரு நாள், ஒன்றரை நாள் அசையாமல் இருக்கும். அப்போது அதைப் பிடுங்கிப் புது இலைக்கு மாற்றினால் இறந்துவிடும். பழைய இலையோடு அப்படியே விடுங்கள்.

பெண் வெளிவந்தால் அன்று இரவே வலைக்கூண்டோடு வெளியே, எறும்பும் பல்லியும் எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள். அதன் வாசனையை மோப்பம் பிடித்து ஆண் தானே வரும், நள்ளிரவுக்கு மேல். முட்டை கிடைத்த அதே இடத்தில்தான் எல்லாவற்றையும் விட வேண்டும். வேறு மலைக்குக் கொண்டுபோய் விடாதீர்கள்.

10. பதிவேற்றுவது

பார்த்ததைப் படத்தோடு பதிவு செய்ய ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர் இணையதளம் என்று இரண்டு தளங்கள் உண்டு, இரண்டும் இலவசம். தேதி, நேரம், இடம், உயரம், முட்டையா புழுவா கூடா பூச்சியா, எந்த மரம் என்று எழுதுங்கள். மரத்தின் பெயரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வளர்ந்த பூச்சியின் படங்கள் ஏராளமாக இருக்கின்றன, நம் மலைகளில் புழு எந்த மரத்தில் எந்த மாதம் இருந்தது என்ற பதிவுகள்தான் குறைவு. மரத்தின் இலையையும் பட்டையையும் தனியாகப் படம் எடுத்து அதே பதிவில் சேர்த்துவிட்டால், மரத்தின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் வேறொருவர் சொல்லிவிடுவார்.

இடத்தைப் பொதுவில் துல்லியமாகக் காட்டாமல் மறைத்து வைக்கும் வசதி உண்டு. கூடும் புழுவும் இருக்கும் மரத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். வீட்டில் வளர்த்த பூச்சி என்றால் அதைக் குறிப்பில் எழுதிவிட வேண்டும், காட்டுப் பதிவாகப் போடக் கூடாது.

ஆண்டுதோறும் ஜூலைக் கடைசி வாரத்தில் தேசிய அந்துப்பூச்சி வாரம் நடக்கிறது, 2012இல் தொடங்கியது. அந்த வாரத்தில் அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பதில் சீக்கிரம் வரும். மற்ற மாதங்களில் சில வாரம் ஆகலாம். அதற்குள் பதிவை நீக்கிவிடாதீர்கள். புழுவின் படத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால், அதே புழு அடுத்த பருவத்துக்கு மாறிய பிறகு எடுத்த படத்தையும் சேர்த்துவிடுங்கள்.